'ஒளி விளக்கு': நாம் மறந்த முற்பாதி

திரைப்படப் பாடல் ஒன்று ஒரு மாநிலத்தின் பொதுமன்றாட்டாக மாறியதை நம் தலைமுறை கண்டது. 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நோயுற்றுச் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, 1968-இல் வெளிவந்த 'ஒளி விளக்கு' படத்தின் பிரார்த்தனைப் பாடல் திரையரங்குகளிலும் தெருமுனைகளிலும் ஒலித்தது. வாலி எழுதியது, விசுவநாதன் இசையமைத்தது, பி. சுசீலாவின் குரல். அந்தக் குரல் கேட்டுக் கண்கலங்காதவர் அரியர். இன்றும் அதைக் கேட்கும்போது நெஞ்சு இளகத்தான் செய்கிறது. ஆயினும், இளகும் நெஞ்சோடேயே அப்பாடலை ஒருமுறை உரசிப் பார்ப்பது தவறாகாது.

படத்தில் நாயகன் தீயில் சிக்கிய உயிரைக் காக்கப்போய்த் தானே தீக்காயமுற்று உயிருக்குப் போராடுகிறான். சௌகார் ஜானகி ஏற்ற சாந்தி என்னும் விதவை இறைவனின் திருமுன் அழுது மன்றாடுகிறாள். அவளது மன்றாட்டு இரண்டு படிகளில் ஏறுகிறது. இவர் இல்லாவிடில் உலகுக்குக் கதியில்லை என்பது முதற்படி. என் உயிரை எடுத்துக்கொண்டு இவருயிரை விட்டுவிடு என்பது அடுத்தபடி. நாயகன் பிழைக்கிறான்.

உயிருக்கு உயிர் என்பது கிறிஸ்தவர்களாகிய நமக்கு அந்நியமான சிந்தனையன்று. நம் விசுவாசத்தின் நடுவே நிற்கும் சிலுவையே அதற்குச் சான்று. 1941-இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் முன்பின் அறியாத ஒருவருக்காகப் பட்டினிச் சாவை ஏற்ற மாக்சிமிலியன் கோல்பேயை 1982-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. ஆனால், கோல்பே யாருக்காகத் தம்மைக் கையளித்தார்? மனைவி மக்களை நினைத்துக் கதறிய ஒரு சாதாரணக் கைதிக்காக. அந்த மனிதர் இன்றி உலகு நின்றுவிடும் என்று அவர் எண்ணவில்லை. நம் பாடலோ உயிர்களைத் தராசில் இடுகிறது: ஒரு தட்டில் வள்ளல், மறுதட்டில் விதவை. விதவையின் உயிர் மலிவானது என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 1984-இல் தலைவரின் உயிருக்கு ஈடாகத் தம்முயிரைத் தருவதாக எண்ணித் தீக்குளித்த ஏழைகளும் இருந்தனர். அதற்குப் பாடலையே குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. எனினும் அவர்கள் நம்பிய கணக்கும் பாடலின் கணக்கும் ஒன்றே.

இந்தப் பாடலுக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. கழுத்தில் கட்டுடன் அவர் மருத்துவமனையிலிருந்த படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. தோமையார் மலை என்று நாம் போற்றும் பரங்கிமலையின் பெயர் கொண்ட தொகுதியில், வீதிக்கு வந்து வாக்குக் கேட்காமலே அவர் வென்றார். மறு ஆண்டு 'ஒளி விளக்கு' வெளியானபோது, திரையில் துடித்த உடலை மக்கள் வெறும் கதைமாந்தனின் உடலாகக் காணவில்லை. 1984-இல் அதே நாடகம் பேருருக் கொண்டது. டிசம்பர் 19 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனையில் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. ஐந்தாம் நாள் தமிழ்நாடு வாக்களித்தது. அவர் மருத்துவமனையில் இருக்கும் ஒளிநாடா ஊர்தோறும் காட்டப்பட்டது. ஆண்டிபட்டியில் காலடி வைக்காமலே வெற்றி பெற்றார்.

பாடலைப் போற்றிய நாம் படத்தை மறந்தோம் என்பதே என் வருத்தம். இந்தியில் 1966-இல் வந்த 'பூல் அவுர் பத்தர்' படத்தின் தழுவல் இது. கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊர் காலியாகிறது. நோயுற்ற இளம் விதவையை உறவினர் தனியே விட்டுவிட்டுப் போய்விடுகின்றனர். ஆளில்லா வீடென்று திருட வந்த முத்து, அங்கே கிடப்பவளைக் கண்டு, திருட்டை விட்டு அவளுக்குப் பணிவிடை செய்து பிழைக்கவைக்கிறான். எரிகோ சாலையில் நிகழ்ந்த உவமை ஜெமினி நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளத்தில் மறுபிறவி எடுத்தது எனலாம்! நெருங்கிய உறவினர் விலகிச் செல்ல, எவரும் மதியாத ஒருவன் நின்றுவிடுகிறான். இயக்குநர் சாணக்யாவுக்கு அது நினைவிலிருந்ததோ இல்லையோ, நம் மறையுரைகளுக்கு உதவியிருக்கவேண்டிய காட்சி அது. பாடலுக்குத் திரையரங்கில் கற்பூரம் காட்டினோம். நோயாளியைத் தொட்ட அந்தக் கைகளை எவரும் பேசவில்லை. பாடல் கேட்போரிடம் கண்ணீரைத்தான் கேட்கிறது. முற்பாதியோ, தொற்றுக்கு அஞ்சாமல் அருகில் வருமாறு கேட்கிறது. எது எளிது என்பது தெரிந்ததே.

புரூக்ளினில் உண்மையாகவே தம் உடலின் ஒரு பகுதியைத் தந்தவர் ஒருவர் இருந்தார்: எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி. பாடலின் விதவை தரமுன்வந்ததை, மருத்துவம் அனுமதிக்கும் அளவில் அவர் தந்தார். தந்தவரும் வாழ்ந்தார், பெற்றவரும் வாழ்ந்தார். அந்தப் பாடலை அறிந்தோருள் அந்தப் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உயிரின் மாண்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஆரவாரமற்ற அன்றாட வீரச்செயல்களுள் ஒன்றாக, அறநெறிக்குட்பட்ட உறுப்புக் கொடையைச் சுட்டிப் பாராட்டினார். லீலாவதியின் செயலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன்.

பின்னாளில் நம் திரையுலகும் இத்துறைக்கு வந்தது. 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகனின் உறுப்புகளைக் கொடையளித்தனர். இதயம் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்நிகழ்வு தூண்டிய மலையாளப் படம் 2013-இல் தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' ஆயிற்று. நேர்மையான முயற்சி; பெற்றோரின் தடுமாற்றத்தைக் கண்ணியமாகக் காட்டுகிறது. எனினும் ஒன்று உறுத்துகிறது. படத்தில் இதயத்திற்காகக் காத்திருப்பவள் புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் மகள். நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும், காப்பாற்றப்படும் உயிருக்கு நட்சத்திர ஒளி வேண்டியிருக்கிறது! அரசியல் இவ்வகையில் சற்று முந்திக்கொண்டது: உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அந்த மரியாதை பெயரறியாக் கூலித் தொழிலாளிக்கும் உண்டு.

தொலைக்காட்சியில் 'ஒளி விளக்கு' வரும்போது, பாடல் வரும் நேரம் பார்த்து வந்து அமர்வோர் நம்மிடையே பலர். அடுத்தமுறை சற்று முன்னதாகவே வாருங்கள். ஊர் காலியாகிவிட்டது. களவாட நுழைந்த வீட்டில், களவை மறந்து ஒருவன் நோயாளியின் அருகே அமர்ந்திருக்கிறான்.