லினக்ஸ் பிரிட்ஜ்: முப்பது வினாடித் தாமதத்தில் எங்கே கை வைப்பது?

லினக்ஸ் கணினியில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களை அலுவலக நெட்வொர்க்கோடு நேரடியாக இணைக்க பிரிட்ஜ் ஒன்றை அமைப்பதுதான் வழக்கம். நெட்வொர்க்மேனேஜரில் இரண்டு மூன்று கட்டளைகள், உபுண்டுவின் நெட்பிளானில் சில வரிகள், அவ்வளவுதான். கெர்னலுக்குள்ளேயே இயங்கும் இந்த மென்பொருள் சுவிட்சின் வேகத்தையும் உறுதியையும் குறை சொல்ல இடமில்லை. சிக்கல் தொடக்கத்தில்தான். மெஷினை இயக்கியதும் அரை நிமிடம் நெட்வொர்க் கிடைப்பதில்லை; சில நேரங்களில் ஐபி முகவரியே வராமல் போகிறது. உடனே எல்லோரும் சொல்லும் மருந்து, ‘ஃபார்வர்ட் டிலே’ எண்ணைக் குறைப்பது. பெரும்பாலான கணினிகளில் அது தவறான இடத்தில் செய்யும் வைத்தியம் என்பேன். அந்தப் பிரிட்ஜுக்கு ஸ்பானிங் ட்ரீ, அதாவது எஸ்டிபி, வேண்டுமா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வேண்டாமென்றால் முழுதாக அணைக்கலாம். வேண்டுமென்றால் அதன் எண்களைத் தொடாமல் விடுவதே நல்லது.

இந்தத் தாமதம் கவனக்குறைவால் வந்ததல்ல. ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே தவறுதலாக இரண்டு பாதைகள் அமைந்துவிட்டால், ஒரேயொரு பிராட்காஸ்ட் ஃபிரேம் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே முடக்கிவிடும். இதைத் தடுக்கத்தான் டிஇசி நிறுவனத்தில் ராடியா பெர்ல்மேன் 1985இல் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். புதிதாகச் சேரும் போர்ட் 15 வினாடி மற்ற சுவிட்சுகளின் அறிவிப்புகளைக் கேட்கிறது, அடுத்த 15 வினாடி முகவரிகளைக் கற்கிறது, அதன் பிறகே தரவைக் கடத்துகிறது. இந்த ஒவ்வொரு 15 வினாடிக் காத்திருப்பும்தான் ‘ஃபார்வர்ட் டிலே’. லினக்ஸ் கெர்னல் பின்பற்றுவது இந்தப் பழைய முறையைத்தான். வேகமாக முடிவெடுக்கும் ஆர்எஸ்டிபி 2001இலேயே வந்துவிட்டாலும் அது இன்றும் கெர்னலில் இல்லை. எம்எஸ்டிபிடி என்ற தனி நிரலை நிறுவினால்தான் கிடைக்கும்.

ஹோஸ்ட் கணினி இந்த 30 வினாடியை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. ஒரு போர்ட்டாவது தரவைக் கடத்தத் தொடங்கும்வரை கெர்னல் பிரிட்ஜை ‘இணைப்பு இல்லை’ என்றே காட்டுவதால், ஐபி முகவரி கேட்கும் அதன் டிஎச்சிபி கிளையன்ட் காத்திருக்கிறது. விர்ச்சுவல் மெஷினுக்கு இந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. அதன் நெட்வொர்க் கார்டு முதல் நொடியிலிருந்தே இணைப்பு இருப்பதாகக் காட்டுகிறது. அதை நம்பி மெஷின் முகவரி கேட்கத் தொடங்குகிறது. டிஎச்சிபி விதிப்படி மறுமுயற்சிகளுக்கு இடையே 4, 8, 16, 32 என இடைவெளி இரட்டிப்பாகும். முதல் நான்கு கோரிக்கைகள் சுமாராக 0, 4, 12, 28ஆம் வினாடிகளில் கிளம்புகின்றன. போர்ட் சேர்ந்த உடனே கேட்கத் தொடங்கிய மெஷினுக்கு இந்த நான்குமே வீண். நெட்வொர்க் வழியாக பூட் செய்யும் பிஎக்ஸ்இயோ அந்த நான்கோடு கைவிட்டுவிடும். மெஷின் எழுந்துவர மூன்று நான்கு வினாடி எடுத்துக்கொண்டால் நான்காவது கோரிக்கை தப்பிப் பிழைக்கும். ஒருநாள் வேலை செய்து மறுநாள் செய்யாமல் போகும் மர்மத்துக்கு இந்தச் சில வினாடி வித்தியாசமே காரணம்.

எண்ணை மாற்றுவதற்கு முன் தாமதம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். கெர்னல் லாகைத் திறந்தால் எந்தப் போர்ட் எத்தனை மணிக்கு எந்த நிலைக்குப் போனது என்பது வரி வரியாக இருக்கும். லாகில் கேட்கும் நிலையும் கற்கும் நிலையும் 15 வினாடி இடைவெளியில் வந்தால் தாமதம் உங்கள் பிரிட்ஜில்தான். போர்ட் உடனே கடத்தும் நிலைக்கு வந்தும் 30 வினாடி நெட்வொர்க் இல்லையென்றால், சுவரோரம் இருக்கும் சுவிட்ச் தன் பங்குக்கு அதே காத்திருப்பை நடத்துகிறது. அப்போது அந்த சுவிட்சின் போர்ட்டில் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போன்ற வசதியை இயக்க வேண்டுமே தவிர, லினக்ஸில் எதை மாற்றினாலும் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. எஸ்டிபியில் டைமர்களை முடிவு செய்வது தலைமையாகத் தேர்வான ரூட் பிரிட்ஜ். உங்கள் நெட்வொர்க்கில் ரூட் அலுவலக சுவிட்சாக இருந்தால், லினக்ஸில் எழுதிய மதிப்பு பதிவாகும், ஆனால் செயல்படாது. மாற்றிப் பார்த்தும் மாறவில்லையே என்று பலர் திகைப்பது இதனால்தான்.

‘முழுதாக அணைப்பானேன், 2 வினாடி என்று வைத்தால் பாதுகாப்பும் இருக்கும், வேகமும் வருமே’ என்று கேட்கலாம். எஸ்டிபி இயங்கும்போது கெர்னல் 2 முதல் 30 வரை அனுமதிப்பதால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த எண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஃபார்வர்ட் டிலேயில் ஒன்றைக் கழித்து இரட்டித்தால் வரும் தொகை, பழைய தகவல் காலாவதியாகும் நேரமான மேக்ஸ் ஏஜ் மதிப்புக்குக் குறையக் கூடாது என்கிறது தரநிலை. இயல்பான 15க்கு அது 28. மேக்ஸ் ஏஜ் 20, பொருந்துகிறது. 2 வினாடிக்கு அது வெறும் 2. மேக்ஸ் ஏஜை அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவான 6க்கு இறக்கினாலும் 4 வினாடிக்குக் கீழே போக முடியாது. மீறினால், பழைய தகவல் காலாவதியாகும் முன்பே போர்ட் திறந்துகொள்ளும். தடுக்க வேண்டிய லூப்பைத் தடுக்காத எஸ்டிபிதான் மிஞ்சும். விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் இயல்பான பிரிட்ஜ் 2 வினாடியில் நன்றாகத்தானே ஓடுகிறது என்றால், அதில் வெளி நெட்வொர்க்கோடு சேரும் போர்ட்டே கிடையாது. அங்கே லூப் உருவாக வழியில்லாததால் எந்த எண்ணும் செல்லும்.

அணைத்துவிட்டால் பாதுகாப்பு போய்விடாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஒரேயொரு நிஜ நெட்வொர்க் கார்டு மட்டும் சேர்ந்த பிரிட்ஜில், மெஷின்கள் தாமாகப் பாலம் போடாதவரை, லூப் எழாது. தவறி இரண்டாவது கார்டைச் சேர்த்துவிட்டாலும் ஒரு காப்பு இருக்கிறது. எஸ்டிபி அணைந்த லினக்ஸ் பிரிட்ஜ், வெளி சுவிட்சுகளின் எஸ்டிபி அறிவிப்புகளை விழுங்காமல் அப்படியே கடத்துகிறது. அதனால் அந்த சுவிட்சுகளே லூப்பைக் கண்டுபிடித்து ஒரு போர்ட்டை மூட முடியும். அணைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பல அலுவலகங்களில் பயனர் போர்ட்டுகளில் பிபிடியூ கார்ட் என்ற காவல் வசதி இயங்கும், லினக்ஸ் தன் எஸ்டிபி அறிவிப்பை அனுப்பிய கணமே சுவிட்ச் அந்தப் போர்ட்டை மூடிவிடும். இரட்டைப் பாதை உண்மையிலேயே தேவைப்படுவோர் கார்டுகளை ஒன்றாக இணைத்து பாண்டிங் செய்துகொள்ளலாம். அதுவும் போதாத சிக்கலான அமைப்புக்கு எம்எஸ்டிபிடி சரியான தேர்வு.

ஆகவே என் குறை கெர்னல்மீது அல்ல, அதன்மேல் அமர்ந்திருக்கும் கருவிகள்மீது. விர்ச்சுவல் மெஷின்களுக்கான ப்ராக்ஸ்மாக்ஸ் தளம் எஸ்டிபியை அணைத்து, டிலேயைச் சுழியமாக்கித் தருகிறது. எஸ்டிபி அணைந்திருந்தாலும் காத்திருக்க வைத்த பழைய கெர்னல்களுக்கு அந்தச் சுழியம் அவசியமாகவும் இருந்தது. நெட்வொர்க்மேனேஜரும் நெட்பிளானும் எதுவும் சொல்லாமல் எஸ்டிபியை இயக்கிவிடுகின்றன. ஒற்றைக் கார்டு பிரிட்ஜுக்கு இது பொருந்தாத இயல்பு, மாற்றப்பட வேண்டும். அலகுக் குழப்பம் தனி. பழைய பிஆர்சிடிஎல் கட்டளை வினாடியில் கேட்கும். புதிய ஐபி கட்டளை வினாடியின் நூறில் ஒரு பங்கில் கேட்கும், 15 வினாடியை 1500 என்று காட்டும். அதன் கையேடோ நெடுங்காலம் வினாடி என்றே எழுதியிருந்தது. அதை நம்பி எஸ்டிபி இயங்கும் பிரிட்ஜில் 4 என்று கொடுப்பவருக்கு எண் வரம்புக்கு வெளியே இருப்பதாகப் பிழைச் செய்திதான் வரும். கொடுக்க வேண்டியது 400.