திங்நாகரும் மணிமேகலையின் 29-ஆம் காதையும்

மலாக்காவிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நம்மவர் நடத்தும் இலக்கியக் கூட்டங்களில் மணிமேகலை பேசப்படாத ஆண்டில்லை. ஆயினும் பேச்சாளர் எவரும் அமுதசுரபியைத் தாண்டுவதில்லை. பசிப்பிணி தீர்த்த பாவையைப் போற்றுவர். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய செய்தியைச் சொல்வர். மாலை சூட்டிக்கொண்டு அமர்வர். நூலுக்கு முப்பது காதைகள் உண்டென்பதும், அவற்றுள் 29-ஆவது காதை தமிழ்க் காப்பியம் வேறெதிலும் காணாத ஒரு பொருளை, அதாவது தருக்க நூலை, முழுமையாக எடுத்தோதுகின்றது என்பதும் கேட்போர் செவிக்கு எட்டுவதேயில்லை. 1898-இல் உ.வே. சாமிநாதையர் இந்நூலை அச்சேற்றிய நாள்முதல் இக்காதை நம் கண்முன் கிடக்கின்றது. படிப்போர்தாம் இல்லை. இக்காதையின் பின்னே நிற்கும் அறிஞர் திங்நாகர். அவரை அறியாமல் இக்காதையை மதிப்பிடல் இயலாதாகையால் முதலில் அவரைப்பற்றிச் சிறிது கூறுவேன்.

திங்நாகர் கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 6-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்தவர். தென்னாட்டில் காஞ்சிக்கு அருகே சிங்கவக்திரம் என்னும் ஊரில் அந்தணர் குடியில் பிறந்தார் என்று திபெத்திய வரலாறுகள் கூறுகின்றன. அவற்றுள் தாரநாதர் 1608-இல் எழுதிய நூல் பெயர் பெற்றது. இளமையில் அவர் வாத்சீபுத்திரீயர் என்னும் பௌத்தப் பிரிவில் சேர்ந்தார். ஐந்து கந்தங்களின் வேறும் ஆகாது, அவையேயும் ஆகாது, சொல்லால் உரைக்கவும் ஒண்ணாது என்று ஒரு தன்மையுடைய 'ஆள்' உண்டென்பது அப்பிரிவினர் கொள்கை. அதனைத் தேடிக் காண்க என்று ஆசிரியர் ஏவினார். மாணவரோ பகலில் பலகணிகளையெல்லாம் திறந்துவைத்தும், இரவில் நாற்புறமும் விளக்கேற்றியும், ஆடை களைந்து நின்று உடம்பெங்கும் தேடினாராம். ஏனென்று வினவிய ஆசிரியருக்கு, "தாங்கள் சொன்ன பொருளைத்தான் தேடுகின்றேன், எங்குங் காணவில்லை" என்றாராம். ஆசிரியர் அவரை வெளியேற்றிவிட்டார். பின்னர் அவர் வசுபந்துவிடம் பயின்றார் என்பது மரபு.

கதை மெய்யோ பொய்யோ, மனிதரின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. ஆனால் அதே வரலாறுகள் மற்றொரு கதையையும் சொல்கின்றன. பிரமாண சமுச்சயம் என்னும் தம் பெருநூலின் முதற் செய்யுளைத் திங்நாகர் குகைச் சுவரில் எழுதிவைத்தார். மாற்றுச் சமயத்தான் ஒருவன் அதனை அழித்துக்கொண்டே வந்தான். வாதத்தில் தோற்றபின் வாயினின்று தீயைக் கக்கினான். மனமுடைந்த திங்நாகர், கையிலிருந்த சுண்ணக்கட்டியை வானில் எறிந்து, இது தரையில் விழுமாயின் முயற்சியைக் கைவிடுவேன் என்றார். அது விழாமல் மஞ்சுசிரீ தாங்கினார் என்பது அக்கதை. காட்சியும் கருத்துமே அளவை என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவருக்கு வானத்திலிருந்து சான்று கொண்டுவந்து கொடுத்திருக்கின்றார்கள் அவருடைய அடியார்கள்!

நிற்க. திங்நாகர் செய்தது யாது? மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சிநகரத்து வைதிகவாதி அளவைகள் பத்து என்று விரித்துரைக்கின்றான். திங்நாகர் அவற்றைக் காட்சி, கருத்து என இரண்டாகக் குறைத்தார். பெயர், சாதி, குணம், தொழில் என்னும் கற்பனைகள் ஏறாத சுட்டுணர்வே காட்சி. (ஈண்டுச் சாதி என்றது பொருளினத்தை; நம் ஊர்ச் சாதியை அன்று. ஆயினும் காட்சியில் சாதி இல்லை, அது பின்னர் நாம் ஏற்றுவது என்னும் கருத்தை நினைக்குந்தோறும் எனக்கு நகை வருகின்றது.) எஞ்சியனவெல்லாம் கருத்தளவையில் அடங்கும். ஆகமமும் அவ்வாறே. பெரியோர் சொல் என்பதனால் மட்டும் ஒரு கூற்று மெய்யாகாது. சொன்னவர் நம்பத்தக்கவர் என்பதற்கு ஏது வேண்டும். அந்த ஏதுவும் ஏனைய ஏதுக்களைப் போலவே சோதனைக்கு உட்படும். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதனைச் சொன்ன துணிவை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோதனை எது? ஏது என்பது மூன்று தன்மை உடையதாதல் வேண்டும். எடுத்துக்கொண்ட பொருளில் அஃது இருத்தல். ஒத்த பக்கத்தில் இருத்தல். மாறான பக்கத்தில் அறவே இல்லாதிருத்தல். ஒலி நிலையாதது, செய்யப்படுவதாகலான், குடம் போல. இது பழைய உதாரணம். எங்கள் தொழிலிலிருந்து ஒன்று கூறுவேன். "இவன் நேற்று வேலை செய்யவில்லை; செக்ரோலில் பெயர் இல்லை" என்று மண்டோர் சொல்கின்றார். வேலைக்கு வராத பலருக்குப் பெயர் இல்லை என்பது உண்மையே. ஆனால் வேலை செய்தும் பெயர் விடுபட்ட ஒருவனைக் காட்டிவிட்டால் ஏது மாறான பக்கத்திலும் புகுந்துவிட்டது. அஃது அநைகாந்திகம், அதாவது ஒருதலையாகத் துணியமாட்டாத ஏது. அந்த மனிதனின் ஒருநாட் கூலி இந்த ஒரு சொல்லில் தொங்குகின்றது.

ஒத்த பக்கத்தில் முழுதும், சிறிது, இன்மை; மாறான பக்கத்தில் முழுதும், சிறிது, இன்மை: மும்மூன்றாகப் பெருக்கித் திங்நாகர் ஒன்பது வகை ஏதுக்களைச் சக்கரமாக வரைந்தார். அவற்றுள் தேறியவை இரண்டே. இரண்டு விருத்தம்; அதாவது, நாட்டக் கருதியதற்கு மாறானதையே நாட்டுவன. ஐந்து ஐயத்தில் நிறுத்துவன. ஆங்கிலப் பள்ளியில் எல்லா மனிதரும் இறப்பர், சாக்கிரட்டீசு மனிதர் என்று கற்றவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றும். அங்கே 'எல்லாரும்' என்னும் சொல் முன்கூட்டியே வழங்கப்பட்டுவிடுகின்றது. இங்கே அதனை உலகத்தில் தேடிப் பார்த்து ஈட்ட வேண்டும். குறையும் அங்கேதான் இருக்கின்றது. மாறான பக்கம் முழுவதையும் யார் பார்த்து முடித்தார்? இவ்வினாவுக்குத் திங்நாகர் நிறைவான விடை தரவில்லை. 7-ஆம் நூற்றாண்டில் தருமகீர்த்தி காரணகாரியத் தொடர்பை ஆதாரமாக்கி இவ்வோட்டையை அடைக்க முயன்றார்.

இனிக் காதைக்கு வருவோம். இலக்கியமாக நோக்கின் 27-ஆம் காதை உயிருள்ளது. 29-ஆம் காதை உயிரற்றது. இதை மறைப்பதிற் பயனில்லை. வஞ்சியில் தவசி வேடம் புனைந்த மணிமேகலை, காட்சி ஒன்றே அளவை என்ற பூதவாதியைப் பார்த்து நகைத்து, உன் தாய் தந்தையரைக் கருத்தளவை இன்றி எவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகின்றாள். ஒரே வினா, வாதி வீழ்ந்தான். அதே பெண் காஞ்சியில் அறவண அடிகள் முன்னே வாய்திறவாமல் இருக்க, பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என்று முப்பத்துமூன்றும் பட்டியலாக ஓடுகின்றன. இக்கணக்கு, திங்நாகரின் மாணவர் எனக் கொள்ளப்படும் சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு ஒத்திருப்பது. வஞ்சியில் காண்டல், கருதல் என்று நல்ல தமிழ்ச்சொற்களைக் கையாண்ட புலவர் இங்கே பிரத்தியக்கம், திட்டாந்தம், அநைகாந்திகம் என்று வடசொற்களை உடையாக் கட்டிகளாகப் போட்டுச் செல்கின்றார். அவசரமோ, அடிகளின் பாடத்தை அப்படியே காக்கும் கருத்தோ அறியேன். ஆனால் புகையுள்ள மலையில் நெருப்புண்டு என்பதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாக வைத்த இடத்தில் மட்டும் தமிழ் மணக்கின்றது.

இக்காதையின் பெருவியப்பு வேறு. தருக்கம் தொடங்குமுன் அடிகள் புகார் அழிந்த கதையைக் கூறுகின்றார். மகனைக் கடலில் இழந்த சோழன் இந்திரவிழாவை மறந்தான். மணிமேகலா தெய்வம் சபித்தது. கடல் ஊரைக் கொண்டது. அடுத்த பகுதியில் அதே வாய் ஏதுவின் மூன்று தன்மைகளை ஓதுகின்றது! அடிகள் தம் கதையைத் தம் அளவுகோலாலேயே அளந்திருந்தால் என்ன ஆகும்? 'விழா நின்றமை' ஏது, 'கடல்கோள்' சாத்தியம். மாறான பக்கத்தைப் பார்ப்போம். நாலேழ் நாள் இந்திரவிழா எடுக்காத கடற்கரை ஊர்கள் எத்தனையோ உலகில் நிற்கின்றன. மலாக்காவும் அவற்றுள் ஒன்று. இங்கே கடல் ஊருக்குள் வரவில்லை. நாம்தான் மண்கொட்டிக் கடலுக்குள் போயிருக்கின்றோம்.

இது பழங்கதை என்று தள்ளற்க. 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அம்மனுக்கு விழா நின்றதே காரணம் என்று சொன்ன முதியவர்கள் இருந்தார்கள். இன்றும் தோட்டம் கைமாறும்போது அப்பேச்சு எழுகின்றது. மறுப்போர் பெரும்பாலும், "விழா தவறாமல் நடந்த தோட்டமும் விற்கப்பட்டதே" என்பர். திங்நாகர் முறைப்படி அம்மறுப்பு செல்லாது. புகையின்றியும் நெருப்பு இருக்கலாம். அதனால் புகை நெருப்பைக் காட்டாது போய்விடாது. விழா நின்றும் விற்கப்படாமல் நிற்கும் தோட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும், ஒன்றே போதும். அதன்பின் உண்மைக் காரணமாகிய வெளிநாட்டு முதலாளிகளின் வெளியேற்றத்தையும் துண்டுபோட்டு விற்கும் இலாபத்தையும் பேசலாம். அவ்வாறு காரணத்தை நிலத்தில் கண்டதனால்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தாலேயே தோட்டங்களை வாங்கச் செய்தார்.

திங்நாகர் தமிழரே என்று மேடையில் முழங்குவோரையும் இதே கோலால் அளக்கலாம். "காஞ்சியருகே பிறந்தமையால்" என்பது அவர்கள் ஏது. பல்லவர் காலத்துக் காஞ்சி வடமொழி வல்லோரும் பிறமொழியாளரும் குடியிருந்த கல்வி நகரம். அங்கே பிறந்த தமிழரும் உண்டு, தமிழரல்லாதாரும் உண்டு. ஏது இருபுறமும் ஓடுகின்றது. மணிமேகலையே திங்நாகருக்கு முந்தியது என்று 1928-இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் வாதித்தார். நியாயப்பிரவேசத்தின் போலிக்கணக்கு அப்படியே இங்கே அமைந்திருத்தலை நோக்க, பின்வந்த நூலென்பார் கட்சியே வலிதென எனக்குத் தோன்றுகின்றது. அவர் தமிழர் என்று நாட்டமுடியாமை நமக்கு இழிவன்று. அவர் கலையைத் தமிழில் பாட ஒரு புலவர் இருந்தார் என்பது கையிலுள்ள சான்று.

பிரமாண சமுச்சயத்தின் வடமொழி மூலம் தனி நூலாகக் கிடைக்கவில்லை. திபெத்திய மொழிபெயர்ப்பே நெடுங்காலம் துணை. ஜினேந்திரபுத்தி அதற்கு எழுதிய வடமொழி உரையின் முதல் அதிகாரம் 2005-இல்தான் அச்சில் வந்தது. நியாயமுகம் என்னும் மற்றொரு நூல் சீனமொழியில் நிற்கின்றது. நமக்கோ காதை வீட்டிலேயே இருக்கின்றது. நம் கூட்டங்களில் இதனை எடுத்து நடத்துவோர் முப்பத்துமூன்று போலிகளையும் மனப்பாடம் செய்விக்க வேண்டா. அநைகாந்திகத்தையும் விருத்தத்தையும் மட்டும், செக்ரோலையும் பெரட்டுக்களத்தையும் உதாரணமாக வைத்துச் சொன்னால் ஒரு மாலைப்பொழுது போதும்.