பொய்யில் பிறந்த சங்கம்

இத்தகைய படமொன்றைப் பற்றி நம் இதழில் எழுதத்தான் வேண்டுமா என்று நாம் நெடுநாள் தயங்கினோம். தயக்கத்திற்குக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘பாட்டம்ஸ்’ கொச்சை மிகுந்த நகைச்சுவைப் படம். உயர்நிலைப் பள்ளியில் பயிலும், பெண்கள்பால் ஈர்ப்புக் கொண்ட இரு தோழியரே அதன் தலைவியர். பாலியல் கொச்சை, ஓயாத வசைமொழி, வன்முறை ஆகியவற்றின் பொருட்டு, 17 வயது நிரம்பாதோர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் துணையின்றிக் காணலாகாது என்னும் ‘ஆர்’ தரச்சான்று இதற்கு அங்கே வழங்கப்பட்டது. குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க படமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆயினும் எழுதத் துணிந்தோம். 91 நிமிடங்கள் ஓடும் இப்படத்தில் வரும் ஒரு சிறு காட்சி நம்மை விட்டு அகல மறுக்கிறது. மேலும், உண்மை எந்தக் கையிலிருந்து வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு திரைப்படம் பார்ப்பது திருச்சபையின் மரபன்று. பொதுவுடைமைவாதியும் இறைநம்பிக்கையற்றவரும் தன்பால் ஈர்ப்புக் கொண்டவருமான இத்தாலிய இயக்குநர் பசோலினி, மத்தேயு நற்செய்தியை 1964ஆம் ஆண்டில் படமாக்கினார். வெனிஸ் திரைப்பட விழாவில் அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு அப்படத்திற்கே தன் விருதை அளித்தது. 1995இல் வத்திக்கான் தேர்ந்தெடுத்த 45 சிறந்த படங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ‘பாட்டம்ஸ்’ அவ்வரிசையில் வைக்கத்தக்கது என்று நாம் கூறவில்லை. பார்த்தபின் தீர்ப்பிடுவதே நேர்மை என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம்.

கதை இதுதான். பிஜே, ஜோசி என்னும் இருவரும் தம் பள்ளியில் எவராலும் பொருட்படுத்தப்படாதவர்கள். படத்தின் பெயரே ‘அடித்தட்டினர்’ என்னும் பொருளையும், உடலைப் பற்றிய ஒரு கொச்சைச் சிலேடையையும் ஒருங்கே தாங்கியுள்ளது. விளையாட்டு அணிக்கு உற்சாக நடனமாடும் இரு அழகிய மாணவியர்மீது இவர்களுக்கு மோகம். அணியின் தலைவனான ஜெஃப் என்பவனின் முழங்காலில் இவர்களது கார் பட்டும் படாமலும் உரசிவிடுகிறது. அவனோ பெருங்காயம் பட்டவன்போல் அலறி வீழ்கிறான். பள்ளி முதல்வர் விசாரிக்கையில், பெண்களுக்கான தற்காப்புச் சங்கம் ஒன்றிற்குப் பயிற்சி செய்துகொண்டிருந்ததாக இவர்கள் கூசாமல் பொய்யுரைக்கின்றனர். கோடை விடுமுறையைச் சிறார் சிறையில் கழித்தவர்கள் என்று தம்மைப் பற்றி எழுந்த வதந்தியையும் மறுக்காமல் வளரவிடுகின்றனர். தற்காப்பின் பெயரால் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் சங்கம் ஒன்று உருவாகிறது. பெண்களின் பாதுகாப்பு என்பது வெளிவேடம்; விரும்பிய பெண்களை அடைவதே உள்நோக்கம்.

இயக்குநர் எம்மா செலிக்மன், பிஜேயாக நடித்த ரேச்சல் செனட்டுடன் இணைந்து திரைக்கதையை எழுதியுள்ளார். இவ்விருவரும் படைத்துள்ள பள்ளி நடப்புலகைச் சார்ந்ததன்று; கேலிச்சித்திரம்போல் பெரிதாக்கப்பட்டது. அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் வகுப்பறையிலும் விளையாட்டுச் சீருடையைக் கழற்றுவதில்லை. உணவுக்கூடத்தில் அவர்கள் நீண்ட மேசையின் ஒரே பக்கமாக, இறுதி இராவுணவு ஓவியத்தில் காண்பதுபோல் அமர்ந்திருக்கின்றனர். சுவரிலோ ஆதாமின் படைப்பைச் சித்திரிக்கும் மைக்கலாஞ்சலோவின் ஓவியப் பாணியில் ஜெஃப் தீட்டப்பட்டிருக்கிறான்.

இதைக் காணும் கத்தோலிக்கர் சிலர் மனம் புண்படக்கூடும். சற்று நிதானித்துப் பார்க்குமாறு அவர்களை வேண்டுகிறோம். இங்கு எள்ளப்படுவது ஆண்டவரின் பந்தியா? அல்ல. பந்து வீசத் தெரிந்த இளைஞன் ஒருவனை ஆண்டவரின் இடத்தில் அமர்த்திவைத்த பள்ளியே எள்ளப்படுகிறது. தன்னையன்றி வேறு கடவுள் உனக்கு வேண்டாம் என்ற முதற் கட்டளையை மீறியோரின் நகைப்பிற்கிடமான நிலையையே அச்சுவர் காட்டுகிறது. பொற்கன்றைச் சுற்றி ஆடிய மக்களைப் பற்றி விடுதலைப் பயண நூல் கூறுவதும் இதைத்தானே? சிலை வழிபாட்டை நகைப்பால் தாக்குவது இறைவாக்கினருக்கும் புதிதன்று. பாகாலின் பொய்வாக்கினரை எலியா கேலி செய்ததை நாம் அறிவோம். சிலைக்குப் பலி வேண்டும்; அப்பள்ளியில் அப்பலி பெண்பிள்ளைகளே என்பதைத்தான் அடுத்து வரும் காட்சி வெளிப்படுத்துகிறது.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட காட்சி அதுவே. சங்கத்தின் உறுப்பினர் வட்டமாக அமர்ந்திருக்கின்றனர். நெருக்கத்தை வளர்க்கும் தந்திரமாக, மனம்விட்டுப் பேசுமாறு பிஜே தூண்டுகிறாள். உங்களுள் வன்புணர்வுக்கு ஆளானோர் யார் என்று, வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோல் வினவுகிறாள். கைகள் எழவில்லை. இன்னதென்று தெளிவாகச் சொல்ல இயலாத நிகழ்வுகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறாள். உடனே ஏறத்தாழ எல்லாக் கைகளும் உயர்கின்றன. திரையரங்கு சிரிக்கிறது. சிரித்த வாய் மூடும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

இக்காட்சியை நாம் எவ்வாறு புரிந்துகொள்வது? அப்பெண்களுள் எவரையும் பெற்றோரோ ஆசிரியரோ முதல்வரோ அதுவரை கேட்டதில்லை. கேட்டவள் பொய்க்காரி, கேட்ட நோக்கமும் தூயதன்று. ஆயினும் கேட்டாள். கேட்கப்பட்டதனாலேயே கைகள் உயர்ந்தன. பொய்யில் பிறந்த அச்சங்கம், அவர்களின் மெய்யைத் தாங்கிய ஒரே இடமாகிவிட்டது. இதுவே இப்படத்தின் உயிர்நிலை என்று நாம் கருதுகிறோம்.

விவிலியத்தில் இதற்கு ஒரு முன்நிகழ்வு உண்டு. சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரத்தில், தாவீதின் மகள் தாமார் தன் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரன் அம்னோனால் கெடுக்கப்படுகிறாள். தலையில் சாம்பலைத் தூவிக்கொண்டு, ஆடையைக் கிழித்துக்கொண்டு, அழுதவாறே அவள் தெருவில் நடக்கிறாள். அண்ணன் அப்சலோம் அவளுக்குச் சொன்ன ஆறுதல், பேசாமல் இரு என்பதே. தந்தையாகிய தாவீது சினங்கொண்டார். ஆனால் ஒன்றும் செய்யவில்லை. இறைவனின் இதயத்திற்கு உகந்தவரின் இல்லத்திலேயே தாமாரின் சொல்லைக் கேட்க ஓர் இடம் இல்லாமற்போயிற்று. அதன் விலையாக அம்னோன் கொலையுண்டான். அப்சலோம் தந்தைக்கு எதிராகவே எழுந்தான். அடக்கப்பட்ட ஒரு சொல் ஓர் அரசையே உலுக்கியது.

இனி, படத்தின் குறைகளைச் சொல்லவேண்டும். தான் கண்டெடுத்த இவ்வுண்மையை இப்படம் தானே நழுவவிடுகிறது. உயர்ந்த கைகள் தாழ்கின்றன; அடுத்த வேடிக்கை வந்துவிடுகிறது. மாற்றாந்தந்தையால் துன்புறும் ஒரு பெண்ணின் வேதனையும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் நகைச்சுவைத் துணுக்காகவே எஞ்சுகிறது. நகைச்சுவை துயரைத் தாங்கும் வன்மை உடையது. சார்லி சாப்ளினைக் கண்டவர்கள் இதை அறிவர். ஆனால் தாங்குவது வேறு. தாண்டிக் குதிப்பது வேறு. இங்கு நிகழ்வது பெரும்பாலும் இரண்டாவதே.

மற்றொரு குறை அதனினும் ஆழமானது. 1981இல் வந்த ‘போர்க்கிஸ்’, 1999இல் வந்த ‘அமெரிக்கன் பை’ முதலிய படங்களில் பதின்வயது ஆண்கள் பெண்ணுடலை வேட்டைப் பொருளாகக் கண்டனர். இப்படம் அவ்வேட்டையில் பெண்ணையே வேடனின் இடத்தில் நிறுத்துகிறது. இதனை விடுதலை என்று கொண்டாடுவோர் உளர். அம்பு எய்யும் கை மாறியதால் மானின் வலி குறைந்துவிடுமா? பிறரை நுகர்பொருளாகக் காணும் பார்வை, ஆணிடமிருந்து வந்தாலும் பெண்ணிடமிருந்து வந்தாலும் மனித மாண்பைக் குலைப்பதே. இதைப் படமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறோம். சங்கத்தை உள்ளன்போடு நம்பிய ஹேசல் என்னும் பெண், பள்ளி முழுவதும் பார்த்திருக்க, குத்துச்சண்டை வீரன் ஒருவனிடம் அடிபட்டு இரத்தம் சிந்துகிறாள். தலைவியரின் பொய்யும் அங்கேயே அம்பலமாகிறது. தம் காயங்களைத் திறந்து காட்டிய பெண்கள், தாம் ஏமாற்றப்பட்டதை அறிந்து விலகிச் செல்லும் அந்தச் சில நிமிடங்களில் படம் பாவத்தின் எடையை உணர்கிறது. ஆயினும் மன்னிப்பு மிக எளிதில் கிடைத்துவிடுகிறது; மனமாற்றத்திற்கு நேரமில்லை.

முடிவு இன்னும் விந்தையானது. எதிரணியினர் ஜெஃபைக் கொல்லச் சூழ்ச்சி செய்கின்றனர். அன்னாசிச் சாறு அவன் உடலுக்கு ஒவ்வாது. அதையே ஆடுகளத்தில் நீர் தெளிக்கும் குழாய்கள் வழியே பீய்ச்சத் திட்டமிடுகின்றனர். இதனை அறிந்த பெண்கள், தம்மை இழிவுபடுத்திய அவனையே காப்பாற்றக் களத்தில் இறங்குகின்றனர். பகைவனுக்கும் நன்மை செய்யும் நெறி இங்கே ஒருகணம் தலைகாட்டுகிறது. அடுத்த கணமே, ஒருவனைக் காக்கும்பொருட்டு வேறு சிலரை அடித்துக் கொன்றுவிடுகின்றனர். களத்தில் பிணங்கள் கிடக்க, ஊர் ஆர்ப்பரிக்கிறது. மிகைப்படுத்திய எள்ளல் என்பது நமக்கு விளங்காமலில்லை. ஆனால் சிலையை உடைக்க வந்தவர்கள், இறுதியில் அச்சிலையின் பீடத்தில் தாமே ஏறிநின்று கைதட்டல் பெறுகின்றனர். ஊர் மாறவில்லை, ஊர் வணங்கும் ஆள்தான் மாறியது.

இத்தலைவியரின் ஈர்ப்பைப் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்று வாசகர் கேட்பர். 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, தன்பாலினப் பாலுறவுச் செயல்களை ஏற்பதில்லை, அப்போதனையில் மாற்றமில்லை. அதே நூல், அடுத்த எண்ணிலேயே, அதாவது 2358இல், இத்தகைய ஈர்ப்புடையோரை மதிப்போடும் பரிவோடும் மென்மையோடும் ஏற்கவேண்டும் என்றும், அவர்கள்மீது அநீதியான பாகுபாடு எவ்வகையிலும் காட்டலாகாது என்றும் கற்பிக்கிறது. முதற் பகுதியை நாம் நன்கு மனப்பாடம் செய்துள்ளோம். இரண்டாம் பகுதியை வாழ்ந்து காட்டியிருக்கிறோமா?

இவ்வினாவிற்கு விடைதேட, படத்தில் பாடம் நடத்தாமல் இதழ் படித்துக்கொண்டிருக்கும் ஆசிரியராக வருபவரையே நாம் துணைக்கு அழைக்கிறோம். அவர் மார்ஷான் லின்ச். 2014இல் ‘சூப்பர் பவுல்’ வென்ற சியாட்டில் அணியின் புகழ்பெற்ற வீரர். தொழில்முறை நடிகர் அல்லர். அவர் இப்படத்தில் நடிக்க இசைந்த காரணத்தை இயக்குநர் பேட்டிகளில் தெரிவித்துள்ளார். லின்ச்சின் சகோதரியும் பெண்கள்பால் ஈர்ப்புக் கொண்டவர். பள்ளி நாள்களில் சகோதரி அதனை வெளிப்படுத்தியபோது, தாம் நடந்துகொண்ட முறை சரியன்று என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. அத்தவற்றுக்கு ஈடுசெய்யும் வாய்ப்பாகவே இப்படத்தை அவர் கருதினாராம்.

படத்தில் நாம் தேடிக் காணாத மனமாற்றம் படத்திற்கு வெளியே நிகழ்ந்திருக்கிறது! பல்லாயிரவர் ஆர்ப்பரித்த களத்தில் வென்றவர், தன் வீட்டில் தோற்றதை நினைத்து வருந்தினார். தங்கையைப் பேசாதிருக்கச் சொன்ன அப்சலோமுக்கு இப்படியொரு நாள் வாய்க்கவில்லை.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் உயராத கைகள் உண்டு. காயம்பட்டதைச் சொல்ல இயலாத மகள், தன் உள்ளத்தின் போக்கைக் கண்டு தானே அஞ்சும் பிள்ளை, திருப்பலியில் நம் அருகிலேயே முழந்தாளிட்டிருக்கலாம். கிணற்றடியில் சமாரியப் பெண்ணின் வாழ்வு முழுவதையும் அறிந்திருந்தும், ஆண்டவர் முதலில் அவளிடம் தண்ணீர் கேட்டார். அவள் பேசப் பேசக் கேட்டார். அவள் உண்மையைச் சொன்னபோது எழுந்து போய்விடவில்லை. நாம் கேளாதிருந்தால் நம் பிள்ளைகள் ஊமையாய் இருந்துவிடப் போவதில்லை. பொய்யான நோக்கத்தோடு கேட்பவரிடமாவது போய்ச் சொல்வர். அவ்வாறு நேர்ந்தால், பொய்யில் பிறந்த சங்கத்தைப் பழிக்கும் உரிமை நமக்கு இராது.