அகத்தியர் ஒரு கணுவோ?

பொதியில் அடிவாரத்துப் பாபநாசத்தில் அகத்தியர்க்கு இறைவன் மணக்கோலம் காட்டினான் என்பது தலமரபு. இவரையும், தொல்காப்பியர்தம் ஆசிரியரெனப்படுபவரையும், சித்த நூல்கள் பலவற்றிற்கு உரியவராகச் சொல்லப்படுபவரையும் ஒருவரெனக் கொள்வதோ? நியோஃபோர்ஜே சமூகப் பதிப்பு போன்ற கட்டற்ற மென்பொருள்களால் இலக்கிய வரலாற்றைக் கணுவும் உறவுமாக அமைப்பார் முதற்கண் காணவேண்டிய வினா இதுவே. பெயரொப்புமை ஒன்றே பற்றி மூவரையும் ஒரு கணுவாக்கல் பிழையென்பது நம் கருத்து.

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் அகத்தியரைக் கூறவில்லை. மாணாக்கர் என்னும் உறவை நச்சினார்க்கினியர் போன்ற உரைகாரர் கூறுகின்றனர். ஆதலின் அவ்வுறவின்மேலேயே சான்றினைப் பொறித்தல் வேண்டும். நியோஃபோர்ஜே இதற்கு இடந்தரும். ஆயின் ஓர் உறவினின்று பிறிதொன்றற்குக் கோடிழுக்க அது நேரே இடந்தராது. அகத்திய மரபை ஐயுற்ற கே. என். சிவராஜ பிள்ளையின் மறுப்பை எங்ஙனம் காட்டுவது? உரைகாரர் கூற்றையே தனிக் கணுவாக்கி, அதனொடு மறுப்பைப் பிணித்தல் வேண்டும். கெஃபி வரையும் வண்ணப்படங்களில் மயங்குவார் பலர் இவ்வுழைப்பை மேற்கொள்வதில்லை.