பாராட்டப்படாத நன்மை

எழுத்தாளர் ஜெயமோகன் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அறம்' என்னும் சிறுகதைத் தொகுப்பு, வாழ்ந்த மனிதர்களின் நற்பண்புகளை மையமாகக் கொண்டது. தீமையைச் சித்திரிப்பதே உண்மையைச் சொல்வது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கும் இலக்கிய உலகில், நன்மையையும் அழுத்தமாகச் சொல்ல இயலும் என்று இந்நூல் காட்டியது. அதிலுள்ள 'யானை டாக்டர்' கதையை அண்மையில் மீண்டும் படித்தோம்.

2002ஆம் ஆண்டில் மறைந்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியே கதையின் நாயகர். டாப்சிலிப் காட்டில் யானைகளுக்கு மருத்துவம் செய்வதையே தம் வாழ்வாக்கிக் கொண்டவர். அழுகிய யானையுடலில் நெளியும் புழுக்களைக் கண்டும் அவர் அருவருப்படைவதில்லை. அவற்றையும் உயிர்களாகவே பார்க்கிறார். அவருக்கு அரசின் உயர்விருது பெற்றுத்தர வன அதிகாரியான கதைசொல்லி அரும்பாடுபடுகிறார். விருது கிடைக்கவில்லை. மருத்துவரோ அதனைப் பொருட்படுத்தவே இல்லை. உடைந்த மதுப்புட்டி காலில் தைத்த குட்டிக்கு அவர் மருத்துவம் செய்து முடிக்க, சூழ நின்ற யானைகள் துதிக்கை உயர்த்திப் பிளிறுகின்றன. மனிதர் தர மறுத்த மதிப்பை விலங்குகள் தந்துவிடுகின்றன.

இம்முடிவு நம்மை நெகிழச் செய்கிறது. ஆயினும் அந்த நெகிழ்ச்சியிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. நல்லவர் பாராட்டை எதிர்பார்ப்பதில்லை என்பது உண்மை. எனவே பாராட்ட வேண்டியதில்லை என்று நாம் முடிவு செய்துவிடலாகாது. பாராட்டு அவருக்குத் தேவையன்று, நமக்கே தேவை. எதனைப் போற்றுகிறோமோ அதனையே நம் பிள்ளைகள் நாடுவர்.

கதையில் ஒரு குறையையும் சுட்ட விரும்புகிறோம். மருத்துவரின் பேருருவத்தின் முன், அவரோடு உழைக்கும் பாகர்களும் உதவியாளர்களும் பின்னணியிலேயே நின்றுவிடுகின்றனர். நன்மை என்பது மாமனிதர்க்கே உரியது என்ற மயக்கத்திற்கு இது இடம் தருகிறது. அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்பவையோ பெயரில்லாக் கைகள்.

இக்குறையைச் சுட்டும் தகுதி நமக்கு உண்டா என்றும் கேட்டுக்கொள்கிறோம். பல ஆண்டுகள் ஆலய முற்றத்தை நாள்தோறும் பெருக்கிய மூதாட்டி ஒருவரைப் பற்றி நாம் முதன்முறையாக நன்றியோடு பேசியது, அவருடைய அடக்கத் திருப்பலியில்தான். கேட்பதற்கு அவர் இல்லை.

யானைகள் காலந்தாழ்த்தவில்லை. இக்கதை நம்மிடம் வேண்டுவது கண்ணீரையன்று. உயிரோடிருப்பவரிடம் இன்றே சொல்லப்படும் ஒரு நல்ல சொல்லை.