தொலைத்தொடர்பு ஆய்வில் பல்கலைக்கழக நூலகம்: பலமும் போதாமையும்

தொலைத்தொடர்பை ஆராயப் புகும் மாணவர் பல்கலைக்கழக நூலகத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது, அவர் அத்துறையின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறார் என்பதைப் பொறுத்தது. தகவல் கோட்பாடு, அலைபரவல், குறியீட்டியல் ஆகியவற்றில் நூலகத்துக்கு ஈடான துணை வேறில்லை. தரநிலை, அலைக்கற்றை ஒதுக்கீடு, கட்டண ஒழுங்குமுறை ஆகியவற்றுக்கு வரும்போது அதே நூலகம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இவ்வேறுபாட்டை எண்ணிப் பாராமல், ஆய்விதழ்த் தரவுத்தளம் ஒன்றில் நான்கைந்து சொற்களை இட்டுத் தேடி, வந்தவற்றைக் கோத்து, அதற்கு முன்னாய்வுகளின் மதிப்பீடு என்று பெயர் சூட்டும் வழக்கம் பொறியியல் துறைகளில் வேரூன்றிவிட்டது. குறை நூலகத்தில் இருப்பதைக் காட்டிலும் இவ்வழக்கத்தில்தான் மிகுதி.

நூலகத்தின் பலத்துக்கு ராபர்ட் கேலகரின் ஆய்வேடு நல்ல சான்று. செய்தி காற்றிலோ கம்பியிலோ செல்லும்போது இரைச்சலால் நேரும் பிழைகளைப் பெறும் கருவியே கண்டு திருத்திக்கொள்ளும்படி, கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டுக்குப் பிழைதிருத்தக் குறியீடு என்று பெயர். இரைச்சலுள்ள தடத்தில் எவ்வளவு வேகம்வரை பிழையின்றி அனுப்ப இயலும் என்ற எல்லையை, பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆய்விதழில் 1948 ஜூலை, அக்டோபர் இதழ்களில் வெளியான கட்டுரையில் கிளாட் ஷானன் வகுத்தார். அவ்வெல்லையை நெருங்கக்கூடிய குறியீட்டு வகை ஒன்றைக் கேலகர் 1960இல் எம்ஐடியில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்தார். அது 1963இல் நூலாகவும் வந்தது. ஆனால் அதற்கு வேண்டிய கணக்கீட்டை அக்காலக் கணினிகளால் தாங்க இயலவில்லை. 1981இல் மைக்கேல் டானர் எழுதியதைப் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதைச் சீந்துவாரில்லை. 1990களின் நடுவில் டேவிட் மக்கேயும் ராட்ஃபோர்ட் நீலும் அதை மீட்டெடுத்தனர். இன்று 5ஜி வலையமைப்பில் தரவைச் சுமக்கும் தடங்கள் அக்குறியீட்டு வகையையே பயன்படுத்துகின்றன. எவரும் இரவல் கேட்காத புத்தகம் என்று கணக்குப் பார்த்து பழைய தொகுதிகளைக் கழித்துக்கட்டும் நூலகங்கள் இவ்வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. தேடல் முடிவுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி, கடைசி ஐந்தாண்டுகளோடு நிறுத்திக்கொள்ளும் மாணவருக்கும் இது பொருந்தும்.

அச்சு நூல்களைத் தேடுவோர் சந்திக்கும் இடர் வேறு வகையானது. டூயி பகுப்பு முறையில் தொலைத்தொடர்பு ஒரே தட்டில் இல்லை: அதன் வணிகமும் சேவையும் 384இல், பொறியியல் 621.382ஐ ஒட்டி, சட்டம் 343இல், ஊடகச் சமூகவியல் 302இல் என நான்கு மூலைகளில் சிதறிக் கிடக்கிறது. செல்பேசிக் கோபுரத்தின் அலைவரிசையைப் படிக்கும் மாணவர், அந்த அலைவரிசை எவ்விதம் ஏலம் போனது என்று சொல்லும் நூலின் பக்கம் போகவே வாய்ப்பில்லை. ஒரு பொருளைப் பல முகங்களாகப் பகுத்து இணைக்கும் கோலன் பகுப்பு முறையை 1933இல் வெளியிட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர் என்பதை எண்ணும்போது, தமிழ்நாட்டு மாணவர்கள் இன்னும் ஒரே தட்டின் முன் நின்றுவிடுவது வருத்தம் தருகிறது.

ஆனால் பெரிய இடைவெளி நூலகத்துக்குள் இல்லை. தொலைத்தொடர்புத் துறை தன் முடிவுகளை எடுக்கும் இடத்துக்கும் பல்கலைக்கழகம் படிக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு எல்லோரும் ஏற்கும் விதித்தொகுப்பே தரநிலை. செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி என்னும் கூட்டமைப்பில், நிறுவனங்கள் எழுத்து வடிவில் முன்மொழிவுகளை வைத்து, மறுத்து, பேரம் பேசி முடிவுக்கு வருகின்றன. இந்தியாவின் 5ஜிஐ தரநிலையை எடுத்துக்கொள்ளலாம். சிற்றூர்களில் ஒரு கோபுரம் அதிகப் பரப்பை எட்ட வேண்டும் என்ற நோக்கில், சென்னை, ஐதராபாத் ஐஐடிகளின் பங்களிப்போடு உருவான அத்தரநிலை, 2021இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் இடம்பெற்றது. பின்னர் 3ஜிபிபியின் 17ஆம் வெளியீட்டோடு இணைக்கப்பட்டது. தனித் தரநிலையாக எழுந்த ஒன்று ஏன் பொதுத் தரநிலைக்குள் கரைந்தது என்று அறிய விரும்புவோர், ஆய்விதழ்களை மட்டும் புரட்டினால் தொழில்நுட்ப விளக்கத்தைப் பெறுவர். வாதப் பிரதிவாதம் கூட்ட ஆவணங்களில்தான் இருக்கிறது. அவ்வாறே, 1997இல் அமைந்த இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தன் கலந்தாய்வு அறிக்கைகளையும் அவற்றுக்கு நிறுவனங்கள் அளித்த கருத்துகளையும் வெளியிடுகிறது. கட்டணமும் அலைக்கற்றை விலையும் எப்படித் தீர்மானமாயின என்பதற்கு அவற்றினும் நெருக்கமான மூலம் இல்லை.

இவை அனைத்தும் இணையத்தில் இலவசம். இலவசம் என்பதாலேயே சந்தாப் பட்டியலில் இவை வருவதில்லை. சந்தாப் பட்டியலில் வராதது பெரும்பாலும் நூலக அட்டவணையிலும் ஏறுவதில்லை. எனினும் இவற்றை அப்படியே எடுத்தாள்வதும் ஆபத்து. நிறுவனத்தின் முன்மொழிவு அதன் காப்புரிமைகளுக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருக்கும். ஆய்விதழ்க் கட்டுரையைப் போலத் துறை வல்லுநர் எவரும் அதை முன்கூட்டி மதிப்பிட்டிருக்க மாட்டார். மூலத்தின் நோக்கத்தை எடைபோடும் பயிற்சி நூலகரிடம் உண்டு. அந்தப் பயிற்சியைக் கேட்டுப் பெறுவோர்தான் குறைவு.

அணுகல் பற்றியும் ஒரு சொல். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடியில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. தனித்தனியே சந்தா கட்ட இயலாத மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் திட்டத்தின் முதற்கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இல்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலோ பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். மேலும் சந்தா என்பது வாடகையே. அச்சுத் தொகுதி வாங்கியவரிடமே தங்கும். சந்தா முடிந்த நாளில் திரை மூடிக்கொள்ளக்கூடும்.

ஆகவே சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கு உடனடியாக எட்டக்கூடியவை, எவரும் சந்தா கேட்காத தரநிலை ஆவணங்களும் டிராய் அறிக்கைகளும்தான். ஆய்வு நெறியாளர்கள், எத்தனை கட்டுரைகளைப் படித்தீர்கள் என்று கேட்பதோடு, எந்தத் தரநிலைக் கூட்டத்தின் ஆவணத்தைத் திறந்து பார்த்தீர்கள் என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். நூலகர்கள் அந்த ஆவணங்களைத் தம் அட்டவணையில் இந்தக் கல்வியாண்டிலேயே சேர்க்க வேண்டும்.