பனி உருகும் வரை ஒரு விருந்தோம்பல்

குயிலாப்பாளையத்தில் மார்கழி விடியலில் முந்திரி இலைகளின் மேல் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்துபோவதைப் பனி என்கிறோம். அல்ஜீரிய மேட்டுநிலத்தில் பாதைகளை மூடி, ஊரையும் ஊரையும் துண்டித்துவிடும் வெண்மைக்கும் அதே சொல்லைத்தான் இடுகிறோம். வெண்பனி, உறைபனி என்று அடைமொழி கூட்டினாலும் வாசக மனத்தில் விழுவது நம் மார்கழிப் பனியே. தொழுகையின் தொடக்கத்தில் ஓதப்படும் துஆ ஒன்றில் நம் பிழைகளை நீராலும் ஸல்ஜாலும் ஆலங்கட்டியாலும் கழுவுமாறு வேண்டுகிறோம். அந்த ஸல்ஜைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? ஆல்பெர் காம்யுவின் 'லோத்' என்னும் சிறுகதையைத் தமிழ் மனத்தோடு அணுகுகையில் முதலில் இடறுவது இச்சொல்லே. அக்கதையில் பனி வெறும் பின்புலம் அன்று; நிகழ்வனவற்றுக்கெல்லாம் இடம் விட்டுக்கொடுப்பதே அதுதான்.

எட்டு மாத வறட்சிக்குப் பின், மழை என்ற இடைநிலையே இல்லாமல், அக்டோபர் நடுவில் திடீரெனப் பனி கொட்டுகிறது. சுற்றுப்புறக் கிராமங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. ஆசிரியர் தாரு தன்னந்தனியே அடுப்பருகே இருக்கிறார். கரும்பலகையில் நான்கு நிறச் சுண்ணக்கட்டிகளால் வரைந்த பிரான்ஸின் நான்கு ஆறுகள். அறையில் பஞ்சத்தில் வாடும் குடும்பங்களுக்குப் பங்கிடவேண்டிய கோதுமை மூட்டைகள். அவ்வேளை குதிரையில் ஒரு காவலரும், கை கட்டப்பட்டுக் கால்நடையாக ஓர் அரபியும் மேடேறி வருகின்றனர். தானியத் தகராறில் உறவினனைக் கொன்றவன் அவன். அவனை மறுநாள் தாரு அழைத்துச் சென்று காவல்நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும் என்பது ஆணை. தாரு மறுக்கிறார், காவலர் மனத்தாங்கலோடு கைதியை விட்டுச் செல்கிறார்.

அன்றிரவு நடப்பது விருந்தோம்பல். கட்டை அவிழ்த்து, தேநீர் கொடுத்து, ரொட்டி சுட்டு, தாருவும் உடனமர்ந்து உண்கிறார். தன்னோடு ஏன் உண்கிறாய் என்று கைதி வியப்போடு கேட்கிறான். இருவரும் ஒரே அறையில் உறங்குகின்றனர். வெளியே பனி வழிகளை அடைத்திருக்கும்வரை குடியேற்ற அரசின் சட்டமும் கிராமத்தின் பழிவாங்கலும் அவ்வறைக்குள் நுழைய இயலவில்லை. மறுநாள் வெயிலில் பனி உருகத் தொடங்குகிறது. வழிகள் தெரிகின்றன; வழிகள் தெரிந்தபின் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது. கையில் பணமும் இரண்டு நாள் உணவும் கொடுத்து, கிழக்கே சிறைக்கும் தெற்கே நாடோடிகளின் அடைக்கலத்துக்கும் போகும் வழிகளைக் காட்டிவிட்டுத் தாரு திரும்புகிறார். கைதி நடப்பதோ சிறை வழியில்.

இம்முடிவை விதியின் முன் பணிதல் என்றோ, சுதந்திரத்தின் பொருள் அறியாமை என்றோ கொள்வாருண்டு. எமக்கு அவ்விளக்கங்கள் போதவில்லை. நள்ளிரவில் அவன் எழுந்து வெளியேறுகிறான். தப்பிவிட்டான், தொல்லை விட்டது என்று தாரு ஆறுதல் கொள்கிறார். அவனோ திரும்பி வந்து படுக்கிறான். காவலில்லாத இரவில் ஒருமுறையும், சாலை பிரியும் இடத்தில் மறுமுறையும் அவன் தப்பாமல் இருக்கிறான். உப்பைத் தின்ற வீட்டுக்காரர் தன்னால் தண்டனைக்குள்ளாகக் கூடாது என்று கருதும் ஒருவனை, அமானிதம் பேணும் விருந்தாளியை, நாம் இங்கே காணக்கூடாதா? காம்யு இதைச் சொல்லவில்லை. ஆனால் கதை இதை மறுக்கவும் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தாரு அரபு மொழி அறிந்தவர். ஏன் கொன்றாய், வருந்துகிறாயா என்று வினவுகிறார். பெயரை மட்டும் வினவுவதில்லை. விருந்தாளியிடம் மூன்று நாள் வரை ஊர்பேர் கேளாதிருப்பது அரபியரின் பழைய பண்பு என்று வாதிடலாம். அப்பண்பு குற்றத்தை விசாரிக்க மட்டும் இடங்கொடுக்குமா? விடிந்ததும் கைதி பல் துலக்குவதைக் காணும் கதையில் தொழுகைக்கு ஒரு வரியும் இல்லை. அந்நாட்டிலேயே பிறந்து, வேறெங்கும் தம்மை நாடுகடத்தப்பட்டவராக உணரும் ஆசிரியரின் சன்னலுக்கும் ஓர் எல்லை இருந்தது.

இக்கதை 1957இல் வெளிவந்தபோது அல்ஜீரியாவில் போர் மூண்டு இரண்டாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அப்போர் தொடங்கிய 1954 நவம்பர் 1 அன்றுதான் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே பேரரசு ஒரே நாளில் இங்கே கொடியை இறக்கியது. அங்கே துப்பாக்கியை ஏந்தியது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அடுத்த மாதமே புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. கரும்பலகையில் ஓடும் அயல்நாட்டு ஆறுகள் புதுச்சேரி வாசகருக்குப் புதியவை அல்ல. அவ்வாறுகளின் நடுவேதான், தங்கள் சகோதரனை ஒப்படைத்த ஆசிரியரைப் பழிதீர்ப்போம் என்ற எச்சரிக்கையை யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் ஒப்படைக்கவில்லை என்பதை நாம் அறிவோம்; எழுதியவர்கள் அறியமாட்டார்கள்.

பெயரின்மை பின்னர் பிறரை உறுத்தியது. 'அந்நியன்' நாவலில் கொல்லப்படும் அரபிக்கு அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் மூஸா என்று பெயரிட்டார். நம் கதையைத் தழுவி 2014இல் வந்த பிரஞ்சுத் திரைப்படத்தில் கைதி முஹம்மத் ஆனான்.

தலைப்பு இன்னும் எஞ்சியிருக்கிறது. பிரஞ்சில் 'ஓத்' என்பது விருந்தாளியையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். குயிலாப்பாளையத்தை அடுத்து 1968இல் ஆரோவில் எழுந்தது முதல் பல நாட்டவர் வந்து குடியமர்ந்திருக்கும் இச்செம்மண்ணில், யார் யாருக்கு விருந்தாளி என்ற வினாவைச் செவிமடுத்தவருக்கு அச்சொல்லின் இருபொருள் உடனே விளங்கும். தமிழில் 'விருந்தாளி' என்று எழுதிய கணமே நாம் கைதியின் பக்கம் விரல் நீட்டிவிடுகிறோம். விருந்து என்னும் சொல்லுக்கோ புதுமை என்பதே பழம்பொருள். அந்த மேட்டுநிலத்தில் புதிதாய் வந்தவர் பள்ளிக்கூடத்துக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.